எந்தக் கஞ்சி, டாக்டர்?

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கிளினிக்கில் ஒரு பந்தயம் நடந்தது. பல்லுக்கும் வாளிக்கும்.

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள் என்பது தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன்... காஞ்சிபுரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் சின்ன கிளினிக். கருவிகளைக் கழுவி வைப்பது, பேஷன்ட்டை வரிசையாகக் கூப்பிடுவது, கண்ணாடிப் பலகையில் சிமென்ட் கலந்து கொடுப்பது என் வேலை. படித்தது அஞ்சாவது வரைக்கும். சிமென்ட் கலப்பது முப்பது வருஷமாக.

வீடு கட்டுகிற சிமென்ட் இல்லை. பல்லுக்கு கிளிப் போடுகிறார்கள் இல்லையா, அதற்கு. முன்பல்லில் பொட்டு மாதிரி சின்னச் சின்னதாக ஒட்டுவார்கள். கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஒரு எஃகு வளையம் மாட்டுவார்கள். எல்லாவற்றையும் கோத்து ஒரு கம்பி ஓடும். அந்தக் கம்பி இழுக்கிற இழுப்பில்தான் எத்துப்பல் உள்ளே போகும். வளையம் கழன்றால் கம்பிக்குப் பிடிப்பு இல்லை. உள்ளே போன பல்லும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கே கிளம்பிவிடும். வளையத்தைப் பல்லோடு பிடித்து வைத்திருப்பது நான் கலக்கிற சிமென்ட்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம், பேஷன்ட் யாரும் இல்லாத நேரம், ஒரு கம்பெனி ரெப் வந்தார். நம்மூர் வெயிலில் டை கட்டியிருந்தார். பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து மேஜையில் வைத்தார். புது சிமென்ட். கலக்கவே வேண்டாமாம். பிதுக்கு, வை, நீல லைட்டைக் காட்டு... முடிந்தது.

"இனிமே ஆயாவுக்கு ரெஸ்ட்டுதான் டாக்டர்" என்றார், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் டாக்டர் நஸ்ரின் வாணியம்பாடிப் பெண். என் மகளைவிடச் சின்னவர். யார் எதைச் சொன்னாலும் "செஞ்சு காட்டுங்க" என்பார். அன்றும் அதையே சொன்னார். "நம்ம பவுடர் சிமென்ட்டும் இருக்குது, உங்க ட்யூபும் இருக்குது. ரெண்டையும் போட்டு இழுத்துப் பாத்துடலாமே!"

பிடுங்கிய பற்களைப் படிக்கிற பிள்ளைகள் கேட்பார்கள் என்று பாட்டிலில் போட்டு வைத்திருப்போம். அதிலிருந்து இரண்டு கடைவாய்ப் பல்லை எடுத்து, பிளாஸ்டர் கட்டியில் பதித்தோம். ஆளுக்கொரு வளையம். ஒன்றுக்கு நான் கலந்த பவுடர் சிமென்ட். இன்னொன்றுக்கு ட்யூப். ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்தோம், வாய் எப்போதும் ஈரம்தானே என்று. பிறகு கட்டியை ஜன்னல் கம்பியில் தலைகீழாகக் கட்டி, வளையத்தில் கம்பி கோத்து, அதில் வாளியைத் தொங்கவிட்டோம். ரெப் டையைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு மக்கு மக்காகத் தண்ணீர் ஊற்றினார்.

என் சிமென்ட் இரண்டாவது மக்கிலேயே 'டப்' என்று விட்டது. வாளி டாக்டரின் செருப்பில் விழுந்து, தண்ணீர் எக்ஸ்ரே மெஷின் வரைக்கும் ஓடியது.

ட்யூப் சிமென்ட் முழு வாளியையும் தாங்கியது.

"பாத்தீங்களா டாக்டர்? பவுடர்லாம் எப்பவோ போயிடுச்சு."

டாக்டர் கழன்ற வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பவுடர் கொஞ்சம் தோக்கலாம். இவ்ளோ கேவலமா தோக்காதே..." என்று கண்ணாடிப் பலகையை இழுத்து, தானே கலக்க ஆரம்பித்தார். பவுடரை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கரண்டியைத் தூக்கினால் அது ஒழுகவே இல்லை. தயங்கித் தயங்கி நின்று, தொப்பென்று விழுந்தது.

என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டேன். "என்ன டாக்டர், இவ்ளோ கெட்டியா இருக்குது?"

"கெட்டியா? கஞ்சி பதம்மா இது. மொத நாளே சொன்னேனே."

"கஞ்சி தண்ணியா இல்ல இருக்கும்?"

"எங்க வூட்ல கஞ்சின்னா நோன்புக் கஞ்சிதாம்மா" என்று சிரித்தார். "அரிசி, பருப்பு எல்லாம் கொழைஞ்சு, கரண்டில எடுத்தா தொப்புனு விழணும். தண்ணியா இருந்தா எங்கம்மா ரசம்னு சொல்லிடுவாங்க."



நான் பிறந்தது நெசவாளர் தெருவில். எங்களுக்குக் கஞ்சி என்றால் குடிக்கிற விஷயமே இல்லை. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டுவார்கள், பாவு என்று. அதன்மேல் தெளித்துத் தடவுகிறதுதான் கஞ்சி. துணியில் வடிகட்டி, விரலில் தொட்டால் ஓடணும். கெட்டியாக இருந்தால் நூலும் நூலும் ஒட்டிக்கொண்டு பாவே வீணாகிவிடும். பத்து வயதில் எனக்கு விழுந்த முதல் அடி, கஞ்சி கெட்டியானதற்கு. டாக்டர் 'கஞ்சி பதம்' என்று சொன்ன நாளிலிருந்து என் விரல் அந்த அடிக்குப் பயந்தே கலந்திருக்கிறது.

ஒன்றரை வருஷம்.

முன்னே இருந்த பெரிய டாக்டர் கிளிப் வேலையே செய்யமாட்டார். அடைக்கிறதும் பிடுங்குகிறதும்தான். அடைக்கிற சிமென்ட் சப்பாத்தி மாவு மாதிரி இருக்கணும். அதில் எனக்குக் குழப்பமே வந்ததில்லை. கிளிப் வந்தது நஸ்ரின் டாக்டரோடு. முதல் நாள், "வளையத்துக்குக் கஞ்சி பதத்துல குடுங்கம்மா" என்றார். தலையாட்டினேன். பவுடருக்கு எத்தனை ஸ்பூன், எத்தனை சொட்டு என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது, இங்கிலீஷில். எந்தக் கஞ்சி, டாக்டர்? கேட்பதற்கு நாலு வார்த்தைகூட இல்லை. கேட்கவில்லை. முப்பது வருஷமாகக் கலக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிட்டால்?

சிமென்ட்டை வளையத்துக்குள் தடவி நானே நீட்டுவேன். டாக்டர் வாங்கிப் பல்லில் அழுத்துவார். அவர் கண் பேஷன்ட் வாயில்தான் இருக்கும், என் பலகையில் இருக்காது.

நமக்குள் வருகிற பாதிச் சண்டை இப்படித்தான் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறோம். ஆளுக்கொரு பாத்திரம் மனசுக்குள் இருக்கிறது. யாரும் மூடியைத் திறந்து காட்டுவதில்லை.

டாக்டர் கலந்த சிமென்ட்டும் ஒரு மணி நேரம் கழித்து முழு வாளியைத் தாங்கியது. ரெப்புக்கு முகம் சுருங்கிவிட்டது. "டிரா, டாக்டர்" என்றார்.

டாக்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அம்மா... இத்தன நாளும் அப்பிடித்தான் கலந்தீங்களா?"

ரெப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இல்ல டாக்டர். இன்னிக்கு மட்டும்தான்... கண்ணு கொஞ்சம் மங்கலா இருந்துச்சு."

டாக்டர் அப்படியே நம்பிவிட்டார். "கண் டாக்டர ஒரு தடவ பாத்துடுங்கம்மா, அசட்டையா இருக்காதீங்க" என்றார், அக்கறையாக. அந்த அக்கறையை இரண்டு நாள் என்னால் விழுங்க முடியவில்லை.

ஏனென்றால் எனக்கு சுமதி ஞாபகம் வந்துவிட்டாள்.

சுமதி பக்கத்தில் தாமல் கிராமத்துப் பெண். இருபத்து நாலு வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மேல்வரிசைப் பல் எத்தலாக இருக்கும். சிரிக்கும்போது புறங்கையை வாய்மேல் வைத்துக்கொள்வாள். யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை. தானாகவே வந்து, "எனக்குக் கை வெக்காம சிரிக்கணும் டாக்டர்" என்றாள். கிளிப் போட்டோம். எட்டு மாதத்தில் பல் நன்றாக உள்ளே போயிருந்தது. ஒருநாள் கை பாதி தூரம் வந்து, தேவையில்லை என்று தானே இறங்கிவிட்டதை நான் பார்த்தேன்.

அப்புறம்தான் வளையம் கழன்றது. வலது பக்கம், கடைவாய். அவளுக்கு அந்தப் பல் குட்டை. மற்றவர்களுக்கு வளையமே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், சிமென்ட் சுமாராக இருந்தாலும் ஓடிவிடும். குட்டைப் பல்லுக்குச் சிமென்ட்டை விட்டால் கதி இல்லை. இதெல்லாம் இப்போது தெரிகிறது.

முதல் தடவை கழன்றபோது டாக்டர் சிரித்துக்கொண்டே, "என்னா, முறுக்கா?" என்றார். "இல்ல டாக்டர், நா ஒண்ணும் கடிக்கல." மறுபடியும் ஒட்டினோம். மறுபடியும் கழன்றது. வேறு இரண்டு பேருக்கும் அந்தச் சமயத்தில் கழன்றது. ஒருவர் பட்டாணி, ஒருவர் கரும்பு. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். சுமதி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு தடவையும் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு வருவாள். ஒவ்வொரு தடவையும் நான் கலந்து கொடுப்பேன்.

நாலாவது தடவை அவள் அம்மாவையும் கூட்டிவரச் சொன்னார் டாக்டர். "வூட்ல என்னம்மா குடுக்கறீங்க இவளுக்கு, முறுக்கா?"

"நா என்னாத்த குடுக்கறது டாக்டர்? இவ எதையாச்சும் மென்னுக்கினேதான் இருப்பா. சொன்னா கேக்கமாட்டா" என்றார் அந்த அம்மா. மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு இல்லை... டாக்டர் எதிரில் தாயார்கள் பேசுகிற பேச்சு.

"பாத்தியா சுமதி? பொய் சொன்னா என்னால வைத்தியம் பண்ண முடியாதும்மா."

சுமதி நாற்காலியில் படுத்தபடியே லைட்டைக் கையால் ஒதுக்கினாள். "அப்ப எல்லாத்தயும் கழட்டிடுங்க" என்றாள்.

டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. கழற்றினோம். அம்மா கோபமாக முன்னால் இறங்கிப் போய்விட்டார். செருப்பு விடுகிற இடத்தில் நான் துடைத்துக்கொண்டிருந்தேன். சுமதி என்னிடம் வந்து நின்றாள்.

"நீங்களாச்சும் நம்பறீங்களாம்மா? சத்தியமா நா எதயும் கடிக்கல."

கிளினிக்கில் நான் பேஷன்ட்டோடு பேசுகிறவளே இல்லை. "உள்ளே போங்க", "துப்புங்க"... இவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு முழு வாக்கியம் வந்தது.

"எல்லாரும் அப்பிடித்தாம்மா சொல்றாங்க."

அவள் செருப்பை மாட்டவில்லை. கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

இது நடந்து ஏழு மாதம்.

புதன் போயிற்று. வியாழக்கிழமை காலை முதல் பேஷன்ட் வருவதற்குள் டாக்டர் எதிரில் போய் நின்றேன்.

"டாக்டர், என் கண்ணு நல்லாதான் இருக்குது."

அவர் நிமிர்ந்தார். மிச்சத்தைச் சொன்னேன். நெசவுத் தெரு, பாவு, வடிகட்டிய கஞ்சி, எல்லாம். முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அரே... பாவுக்குப் போடற கஞ்சியா!" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தான் வாயில் வந்தது.

"சுமதி."

"கஞ்சி பதம்னு சொன்னேனே தவிர, ஒரு நாளாச்சும் பலகைய எட்டிப் பாத்தேனா நான்?" என்றார் டாக்டர். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்போதே போன் போட்டார். மூன்று தடவை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. "என் நம்பரப் பாத்து எடுக்கமாட்டேங்கறா. நேர்ல வந்தா மொதல்லருந்து நானே செஞ்சு தர்றேன்னு சொல்லணும். ஞாயித்துக்கிழம நான் போறேன்."

"நான் போறேன் டாக்டர்" என்றேன்.

இதற்கிடையில், எது நல்ல சிமென்ட் என்று கேட்பீர்கள். ட்யூபை யார் பிதுக்கினாலும் ஒரே பதம். ஆனால் அதை வைக்கிறபோது எச்சில் பட்டுவிட்டால் பிடிப்பு போய்விடும். பவுடர் சிமென்ட் கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். கலக்கிற கையைத்தான் பொறுத்துக்கொள்ளாது. டாக்டர் இரண்டையும் வைத்துக்கொண்டார். ஸ்பூன் கணக்கைத் தமிழில் எழுதி சுவரில் ஒட்டியிருக்கிறார். வளையம் போட்ட எல்லாரையும் வரச்சொல்லி ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை தாமல் பஸ் ஏறினேன். ஏரிக்கரையோரம் இறங்கி, இரண்டு இடத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். சுமதியின் அம்மா வாசலில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு... பல்லு டாக்டராண்ட இருக்கற அம்மாவா? வாங்க, வாங்க!" என்றவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏ முறுக்கு! ஒன்னப் பாக்கத்தான் வந்துக்கறாங்க!"

முறுக்கு.

உள்ளேயிருந்து சுமதியின் அண்ணி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "எங்க வூட்ல இப்ப அதாம்மா அவ பேரு. டாக்டராண்டயே பொய் சொன்னவளாச்சே. போன வாரம் ரிமோட்டக் காணோம்... அதயும் இவளத்தான் கேட்டோம்!"

சுமதி வந்தாள். புறங்கை வாய்மேல் இருந்தது. எனக்குப் பார்க்கவே முடியவில்லை. எட்டு மாதம் இழுத்து உள்ளே கொண்டுபோன பல், ஏழு மாதத்தில் வெளியே வந்து உட்கார்ந்திருந்தது.

மாட்டுக்கொட்டகைப் பக்கமாக அவளை ஒதுக்கிக்கொண்டு போனேன். மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு உன்மேல் இல்லை, என் கைமேல் என்று. டாக்டர் மறுபடியும் முதலிலிருந்து செய்து தருகிறேன் என்றதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள்.

"இத ஏம்மா என்னாண்ட வந்து மெதுவா சொல்லிக்கினு இருக்கீங்க? நா கடிக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே! தெரியாதவங்களாண்ட சொல்லுங்க."

கையைப் பிடித்து வாசலுக்கே இழுத்து வந்துவிட்டாள். "எம்மா, இங்க வா. இவங்க ஒண்ணு சொல்லணுமாம்."

நாலு பேர் எதிரில் பேசி எனக்குப் பழக்கமில்லை. இங்கே எழுதுகிறேனே என்பீர்கள்... காகிதம் முகத்தைப் பார்க்காது. இருந்தாலும் சொன்னேன். "சிமென்ட்ட நான்தாம்மா தண்ணியா கலந்துட்டேன். அதான் கழண்டுகினே இருந்துச்சு. ஒங்க பொண்ணு ஒண்ணும் கடிக்கல."

அந்த அம்மா வேர்க்கடலையைத் துழாவிக்கொண்டே, "அட, இதுக்குப் போயா பஸ் ஏறி வந்தீங்க? போனது போச்சு, உடுங்க. காபி தண்ணி வெக்கட்டுமா?" என்றார்.

"எம்மா, போனது போச்சு இல்ல" என்றாள் சுமதி. "அண்ணி, நீங்க கேட்டீங்களா? ... சரியா காதுல உழலியா? இன்னொரு தடவ சொல்லுங்கம்மா."

சொன்னேன்.

அண்ணி கண்ணை விரித்து, "அய்யய்யோ, அப்ப இனிமே இவள என்னான்னு கூப்புடறது?" என்றாள்.

"என் பேரச் சொல்லிக் கூப்புடு" என்றாள் சுமதி.

அப்போது பார்த்து அவள் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணே, நில்லு. இவங்க சொல்றதக் கேட்டுட்டு உள்ள போ." மூன்றாவது தடவையும் சொன்னேன், ஹெல்மெட்டுக்குள் கேட்கிற மாதிரி உரக்க. அவர் தலையைச் சொறிய முடியாமல் ஹெல்மெட்டைச் சொறிந்தார். "அப்ப ரிமோட்டு?" என்றார்.

"அது ஒன் பையன்!" என்றாள் சுமதி.

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் வேர்க்கடலையைத் துழாவுகிறதை நிறுத்திவிட்டு, மகளை ஒரு நிமிஷம் பார்த்தார். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். காபியில் சர்க்கரை போட மறந்திருந்தார். நான் சொல்லவில்லை.

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் சுமதி கூடவே வந்தாள். "டாக்டர் காத்துக்கினு இருக்காங்கம்மா" என்றேன்.

"மறுபடியும் மொதல்லருந்தா?" ஏரியைப் பார்த்தாள். "எட்டு மாசம் வலிச்சுதும்மா. இப்ப கம்பெனில லைன் மாத்திட்டாங்க, லீவும் கெடைக்காது. ... பாக்கலாம்." பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானும் அதிகமாகப் பயன்படுத்துகிற வார்த்தைதான்.

பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். மனசு கொஞ்சம் லேசான மாதிரிதான் இருந்தது. மூன்று தடவை உரக்கச் சொல்லிவிட்டோம், பரவாயில்லை, நமக்கும் வாய் இருக்கிறது என்று. அவள் கீழே நின்றபடி, வாயை மூடிய சிரிப்போடு தலையாட்டினாள்.

அப்போதுதான் உறைத்தது. சிமென்ட்டைச் சொன்னேன், பதத்தைச் சொன்னேன், டாக்டரைச் சொன்னேன். 'மன்னிச்சிடும்மா' என்று அவளிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

எழுந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நிறுத்துங்க என்று ஒரு சத்தம் போட்டால் நிறுத்தியிருப்பார். பஸ்ஸில் அத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்களே... உட்கார்ந்துவிட்டேன்.

இத்தனை வருஷமாக இதற்கு நான் வைத்திருந்த பெயர், கூச்சம்.